கொப்பேர்னிக்கஸ்: பேராலயத்தில் வாழ்ந்த வானசாத்திரி

காலையில் கிழக்கே எழுந்து மாலையில் மேற்கே மறையும் ஞாயிற்றைக் காணாதார் யார்? வயலுக்குச் செல்லும் உழவனும், கடலுக்குச் செல்லும் மீனவனும், புத்தகப் பையுடன் செல்லும் சிறுவனும் நாள்தோறும் அதனைக் காண்கின்றனர். கண்ணாரக் காணும் இக்காட்சி வெறுந் தோற்றம். அசைவது ஞாயிறன்று, நாம் நிற்கும் இந்நிலமே என்று ஒருவர் கூறினால், முதன்முதற் கேட்போர் நகைப்பர் அன்றோ? அந்நகைப்புக்கு அஞ்சி, தாம் கண்ட உண்மையை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அச்சேற்றாது வைத்திருந்த ஒரு பெரியாரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தேன். அவர் பெயர் நிக்கொலஸ் கொப்பேர்னிக்கஸ்.

இந்து வாலிபர்களின் ஆண்டு மலரிலே கத்தோலிக்கப் பேராலயமொன்றில் வாழ்ந்தவரைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். சமயம் ஒருபுறம், விஞ்ஞானம் மறுபுறம். ஒன்று வளர மற்றது தேயும் என்று நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். மிசன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கொப்பேர்னிக்கஸ் என்றதும், திருச்சபையின் தண்டனைக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஒருவரின் உருவமே மனத்தில் எழும். அவருடைய வாழ்க்கையைச் சற்று ஆழமாகப் படித்தபின் அவ்வுருவம் மாறிற்று. அவர் அஞ்சியது உண்மை; ஆனால் யாருக்கு அஞ்சினார், அவ்வச்சத்தைப் போக்கியவர் யார் என்பவை நாம் அறிந்துகொள்ளத் தக்கவை.

கொப்பேர்னிக்கஸ் 1473 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19 ஆந் திகதி, போலந்து அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த தோருன் நகரிலே, விஸ்துலா ஆற்றங்கரையிற் பிறந்தார். தந்தையார் வணிகர். பிள்ளைகள் நால்வருள் இவரே இளையவர். இவருக்குப் பத்து வயதளவில் தந்தையார் காலமாகவே, தாய்மாமனாகிய லூக்காஸ் வாட்சென்ரோட என்பார் குடும்பத்தைத் தாங்கினார். அவர் குருவானவர், 1489 இல் வார்மியா என்னும் பகுதியின் மேற்றிராணியாராக உயர்ந்தார். சகோதரிகளுள் ஒருவர் கன்னியர் மடத்திற் சேர்ந்தார். தமையனார் அந்திரேயாசும் திருச்சபையின் சேவையிலேயே புகுந்தார். இவ்வாறு சமயச் சூழலிலே பிறந்து, சமயத்தின் செலவிலே கற்று, சமயத்தின் உப்பையுண்டு வாழ்ந்தவர் கொப்பேர்னிக்கஸ்.

1491 இல் கிராக்கோ சர்வகலாசாலையிற் சேர்ந்து கணிதமும் வானசாத்திரமும் கற்றார். பின்னர் மாமனார் அவரைத் திருச்சபைச் சட்டம் பயிலுமாறு இத்தாலியிலுள்ள பொலோஞா நகருக்கு அனுப்பினார். சட்டம் படிக்கச் சென்றவரின் உள்ளமோ வானத்திலே சென்று பதிந்தது. அங்கே தொமெனிக்கோ மரியா நொவாரா என்னும் வானசாத்திரப் பேராசிரியருக்குத் துணையாக இருந்து இரவுகளில் வானத்தை ஆராய்ந்தார். 1497 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9 ஆந் திகதியிரவு, சந்திரன் ஒரு செந்நிற விண்மீனை மறைத்ததைக் கண்டு குறித்துக்கொண்டார். அவ்விண்மீன் நாம் ரோகிணி என வழங்குவதேயாம். அன்று எழுதிய குறிப்பைப் பல்லாண்டுகளின் பின் தம் பெருநூலிலே பயன்படுத்தினார். அதன்பின் பாதுவாவில் வைத்தியம் கற்று, 1503 இல் பெராராவிலே திருச்சபைச் சட்டத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்று நாடு திரும்பினார்.

இதற்கிடையில் மாமனாரின் முயற்சியால் வார்மியாவின் பிரொம்போர்க் பேராலயத்திலே அவருக்கொரு பதவி கிடைத்திருந்தது. அப்பேராலயத்தை நிருவகித்த பதினாறு பேர் கொண்ட குழுவில் அவரும் ஒருவர். இப்பதவியினர் இல்லறம் மேற்கொள்ளாது பேராலயத்தைச் சார்ந்து வாழ்வர், ஆலய நிலங்களையும் வருமானத்தையும் கவனிப்பர், வழிபாடுகளிற் பங்குகொள்வர். பூசை செய்யும் குருப்பட்டத்தை அவர் பெற்றார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. எனினும் தம் வாழ்நாள் முழுவதும் திருச்சபைக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தார். குடியானவர்களுக்கு நிலம் பங்கிட்டார். நோயுற்றவர்களுக்கு மருந்து கொடுத்தார். 1521 இல் தியூத்தோனிய வீரர் படையெடுத்தபோது ஒல்ஷ்டின் கோட்டையின் காவலை ஒழுங்கு செய்தார். நாணயத்தின் மதிப்புக் குறைந்து மக்கள் துன்புற்ற காலத்தில், கலப்பு நாணயம் புழக்கத்திற்கு வந்தால் நல்ல நாணயம் மறைந்துவிடும் என விளக்கி ஒரு நூலெழுதினார். வானசாத்திரம் அவருக்கு ஊதியந் தந்த தொழிலன்று. கடமைகள் முடிந்தபின் இரவிலே செய்த தவம் எனலாம்.

அவர் கண்ட உண்மையின் பெருமையை அறிய, அதற்கு முன்னிருந்த கொள்கையைச் சிறிது நோக்குவோம். இரண்டாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி என்பவர், பூமி நடுவில் அசையாது நிற்க, சந்திரனும் ஞாயிறும் ஏனைய கோள்களும் அதனைச் சுற்றுகின்றன என்று கணித்து வைத்தார். கிரகணங்களையும் கோள்களின் நிலைகளையும் ஓரளவு சரியாகக் கூற அக்கணிதம் உதவிற்று. ஆனால் கோள்கள் எப்பொழுதும் ஒரே திசையிற் செல்வதில்லை. செவ்வாய், வியாழன், சனி ஆகியவை சில காலங்களில் நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் முன்னோக்கி வருவன போற் காணப்படும். நம் பஞ்சாங்கங்களில் வக்கிரம் எனக் குறிக்கப்படுவது இதுவே. இதனை விளக்குவதற்காகத் தொலமி வட்டத்தின்மேல் வட்டம் வைத்தார்; கோள்களின் வேகம் மாறுபடுவதை விளக்க வேறோர் உபாயமுஞ் செய்தார். வானத்து இயக்கங்கள் யாவும் சீரான வட்ட இயக்கங்களாகவே இருத்தல் வேண்டும் என்று நம்பிய கொப்பேர்னிக்கசுக்கு அவ்வுபாயம் பிடிக்கவில்லை.

ஞாயிற்றை நடுவில் வைத்து, பூமியையும் ஒரு கோளாக்கி அதனைச் சுற்றவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். உடனே பல முடிச்சுகள் அவிழ்ந்தன. வேகமாகச் செல்லும் புகையிரதத்திலிருந்து பார்க்கும்போது, பக்கத்துப் பாதையில் அதே திசையில் மெதுவாகச் செல்லும் மற்றொரு புகையிரதம் பின்னோக்கிச் செல்வது போலத் தோன்றும் அன்றோ? அவ்வாறே பூமி செவ்வாயைக் கடந்து முந்தும்போது செவ்வாய் பின்னடைவதாக நமக்குத் தோன்றுகிறது. விடிவெள்ளியாகக் காலையிலும் மாலையிலும் தோன்றும் வெள்ளி நள்ளிரவிலே நம் நாட்டில் உச்சி வானில் ஒருநாளும் காணப்படாததேன்? அதன் பாதை பூமியின் பாதைக்கு உள்ளே, ஞாயிற்றுக்கு அண்மையில் இருப்பதனாலேயாம். இன்னும், புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஒழுங்கும், அவற்றின் தூரங்களும் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்தன. பூமிக்கும் ஞாயிற்றுக்குமுள்ள தூரத்தை ஒன்றெனக் கொண்டால், வியாழன் ஏறக்குறைய 5 மடங்கும் சனி 9 மடங்குக்குச் சற்று மேலும் தொலைவிலுள்ளன எனக் கணித்தார். இன்றைய கணிப்புக்கு இவை மிக நெருங்கியவை.

பூமி தன் அச்சிலே சுழல்கிறது என்னும் எண்ணம் உலகிற்கு முற்றிலும் புதிதன்று. பாரத நாட்டு ஆரியபட்டர் 499 ஆம் ஆண்டளவில் அதனைக் கூறியிருந்தார். பூமி ஞாயிற்றைச் சுற்றுகிறது என அவர் கூறவில்லை. பின்வந்த பிரமகுப்தர் அச்சுழற்சியை மறுத்தார். உரையாசிரியர் சிலர் ஆரியபட்டரின் சொற்களுக்கு வேறு பொருள் கூறி மறைத்தனர். கிரேக்க நாட்டிலே சாமோஸ் தீவினராகிய அரிஸ்தார்க்கஸ் என்பார், கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஞாயிறு நடுவிலுள்ளது எனக் கருதினார். அவரையும் பலர் பின்பற்றவில்லை. ஆகவே புதுக்கருத்தைக் கண்டு மிரளுவது ஒரு சமயத்தார்க்கோ ஒரு நாட்டார்க்கோ மட்டும் உரிய குற்றமன்று என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

1514 ஆம் ஆண்டுக்கு முன்பே கொப்பேர்னிக்கஸ் தம் கொள்கையைச் சுருக்கமாக எழுதிச் சில நண்பர்களிடம் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்திருந்தார். அதன்பின் பெருநூல் எழுதத் தொடங்கினார். தொலைநோக்குக் கண்ணாடி இன்னும் தோன்றாத காலம் அது. மரத்தாற் செய்த அளவுகோல்களே அவருடைய கருவிகள். பிரொம்போர்க்கோ கடலேரிக் கரையிலுள்ளது. மூடுபனி வானத்தை அடிக்கடி மறைக்கும். ஞாயிற்றை விட்டகலாத புதனைத் தாம் நன்கு காண இயலவில்லை எனக் குறைப்பட்டு, நூரம்பேர்க் நகரத்தார் செய்த அவதானங்களை அவர் பயன்படுத்த நேர்ந்தது. எனினும் ஆண்டுதோறும் கணக்குகளைத் திருத்தித் திருத்தி எழுதினார். நூல் ஏறக்குறைய முடிந்தது, ஆனால் வெளிவரவில்லை.

ஏன் வெளிவரவில்லை? திருச்சபை தடுத்ததா? இல்லை. 1533 இல் பாப்பரசர் ஏழாம் கிளெமென்டின் செயலாளராகிய விட்மன்ஸ்ரெற்றர் என்பவர், உரோமாபுரி வத்திக்கான் தோட்டத்திலே இக்கொள்கையைப் பாப்பரசருக்கும் கர்தினால்மாருக்கும் விளக்கினார். அதற்காகப் பாப்பரசர் அவருக்கு ஒரு கிரேக்கக் கையெழுத்து நூலைப் பரிசளித்தார். 1536 இல் ஷோன்பேர்க் என்னும் கர்தினால் கொப்பேர்னிக்கசுக்குக் கடிதம் எழுதி, தம் கண்டுபிடிப்புகளை அறிஞர்களுக்கு வழங்குமாறு வேண்டினார். பிரதியெடுக்குஞ் செலவையுந் தாமே ஏற்க முன்வந்தார். உயிர் நண்பராகிய தீதெமன் கீசே மேற்றிராணியார் நூலை அச்சிடுமாறு இடைவிடாது வற்புறுத்தினார். அவ்வாறிருந்தும் கொப்பேர்னிக்கஸ் தயங்கினார். கற்றோர் தம்மை மேடையிலிருந்து துரத்தி நகைப்பார்கள் என்பதே அவர் அச்சம். அதனைத் தம் நூலின் சமர்ப்பணத்தில் அவரே ஒப்புக்கொள்கிறார். கணக்குகள் இன்னும் வானத்தோடு முற்றும் பொருந்தவில்லை என்ற கவலையும் அவரை வாட்டிற்று. அவர் வாயை அடைத்தது அக்கினியன்று, பரிகாசம்.

முதுமை வந்து சேர்ந்தது. அந்நிலையில், 1539 ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, இருபத்தைந்து வயது இளைஞரொருவர் பிரொம்போர்க்கின் வாயிலுக்கு வந்தார். அவர் பெயர் இரேத்திக்கஸ். விற்றன்பேர்க் சர்வகலாசாலையிற் கணிதம் போதித்தவர். அவருடைய பிள்ளைப் பருவம் துயரமானது. வைத்தியராகிய தந்தையார் 1528 இல் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார்; குடும்பப் பெயரை வழங்கும் உரிமையும் பறிபோயிற்று. அவர் சமயத்தால் லூதரைப் பின்பற்றும் புரட்டஸ்தாந்தர். விற்றன்பேர்க் லூதர் வாழ்ந்த நகரமேயாகும். வார்மியாவின் மேற்றிராணியாரோ அதே ஆண்டில் லூதரின் சமயத்தாருக்கெதிராகக் கட்டளை பிறப்பித்திருந்தார். மார்ட்டின் லூதரும் உணவு வேளையொன்றிலே பூமி சுழலும் கொள்கையைப் பரிகசித்ததாக அவருடைய மாணாக்கர் குறித்து வைத்துள்ளனர். இவ்வாறு இரு பக்கத்திலும் தடையிருந்தும், நல்லதோர் ஆசிரியரைத் தேடி இவ்விளைஞர் வந்தார். வெறுங்கையுடன் வரவில்லை, அக்காலத்தில் புதிதாக அச்சான அரிய கணித நூல்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்.

அறுபத்தாறு வயதுக் கத்தோலிக்கப் பெரியார் அந்தப் புரட்டஸ்தாந்த இளைஞரைத் தம் மாணாக்கராக ஏற்றார். சமயப் பூசலால் ஐரோப்பா பிளவுபட்டிருந்த நாளிலே, ஒரே மேசையில் இருவரும் அமர்ந்து கணக்கிட்டனர். இரேத்திக்கஸ் இரண்டாண்டுகளுக்கு மேல் அங்கே தங்கினார். ஆசிரியரின் கொள்கையைச் சுருக்கி அவர் எழுதிய சிறுநூல் 1540 இல் டான்சிக் நகரில் அச்சாயிற்று. கற்றோர் அதனை எதிர்பார்த்த அளவுக்கு வெறுக்கவில்லை. இதனைக் கண்ட முதியவரின் தயக்கம் தளர்ந்தது. 1541 இலையுதிர் காலத்திலே இரேத்திக்கஸ் பெருநூலின் பிரதியுடன் புறப்பட்டார். மறு ஆண்டு அதனை நூரம்பேர்க்கிலிருந்த பெத்திரேயஸ் என்பாரின் அச்சகத்தில் ஒப்படைத்தார்.

இங்கேதான் வருந்தத்தக்க இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. லைப்சிக் நகரிலே புதிய பதவி கிடைத்தமையால் இரேத்திக்கஸ் அச்சு வேலை முடியுமுன் செல்ல நேர்ந்தது. மேற்பார்வையை ஒசியாண்டர் என்னும் லூதரின் சமயப் போதகர் ஏற்றார். அவர் நூலின் தொடக்கத்திலே தம் பெயரைக் குறியாது ஒரு முகவுரையைச் சேர்த்துவிட்டார். இதிற் கூறப்படுவன உண்மையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை, கணக்கிடுவதற்கு உதவினாற் போதும் என்பது அதன் கருத்து. நூலைக் கண்டனத்திலிருந்து காக்கவே அவர் அவ்வாறு செய்தார் போலும். எனினும் அது ஆசிரியரின் கருத்தன்று. படித்தோர் பலர் அதனைக் கொப்பேர்னிக்கசே எழுதினார் என நம்பினர். கீசே மேற்றிராணியார் சினமுற்று, முகவுரையைத் திருத்துமாறு நூரம்பேர்க் நகர சபைக்கு எழுதியும் பயனில்லாது போயிற்று. இரேத்திக்கஸ் தம் கையிலிருந்த பிரதிகளில் அம்முகவுரையைச் செந்நிறக் கோலாற் குறுக்கே கீறி அடித்தார். ஒசியாண்டரின் பெயரை 1609 இல் கெப்ளர் உலகிற்கு அச்சில் வெளியிட்டார்.

மற்றையது இன்னும் வருந்தத்தக்கது. கொப்பேர்னிக்கஸ் தம் நூலைப் பாப்பரசர் மூன்றாம் பவுலுக்குச் சமர்ப்பித்தார். அச்சமர்ப்பணத்திலே கர்தினாலின் பெயர் உண்டு. கீசேயின் பெயர் உண்டு. தம் முதுமையில் வந்து, நூலை அச்சேற்றிய இரேத்திக்கசின் பெயர் மட்டும் இல்லை. பாப்பரசருக்கு எழுதும் கடிதத்தில் புரட்டஸ்தாந்தர் ஒருவரைக் குறிப்பிடுவது தகாதெனக் கருதினார் போலும். அது மறதியால் நேர்ந்த பிழை, அவமதிப்பன்று என்று கீசே பின்னர் இரேத்திக்கசுக்கு எழுதி ஆறுதல் கூறினார். எக்காரணமாயினும், அந்நன்றியின்மை பெரியார் ஒருவரின் வாழ்விலே விழுந்த மறுவென்றே கூறவேண்டும்.

1542 இறுதியில் கொப்பேர்னிக்கஸ் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். 1543 மே மாதம் 24 ஆந் திகதி, அச்சான நூல் அவர் கையில் வந்து சேர்ந்த அன்றே அவர் உயிர் பிரிந்தது எனக் கீசே குறித்துள்ளார். உள்ளே சேர்த்திருந்த முகவுரையை அவர் படித்தறிய வாய்ப்பிருந்திராது.

அவர் வாழ்ந்த காலத்தில் தடைசெய்யாத திருச்சபை, 73 ஆண்டுகளின் பின் தடைசெய்தது. யோசுவா என்னும் தலைவர் ஞாயிற்றை நிற்குமாறு கட்டளையிட்டதாக வேதாகமத்திற் கூறப்படுகிறது. ஓடாத ஒன்றை எவ்வாறு நிற்கச் சொல்வது என்று கேட்டவர்கள் வலுப்பெற்றனர். 1616 மார்ச் மாதம் நூல் திருத்தப்படும் வரை நிறுத்திவைக்கப்பட்டது. 1620 இல் ஏறக்குறையப் பத்து இடங்களில் திருத்தம் கட்டளையிடப்பட்டது. 1633 இல் இக்கொள்கையின் பொருட்டுக் கலிலியோ தண்டிக்கப்பட்டார். 1835 ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்தே கொப்பேர்னிக்கசின் நூல் நீங்கிற்று. சமய நிறுவனங்கள் தவறே செய்யா எனக் கூறுவதும் உண்மைக்கு மாறானதே.

கொப்பேர்னிக்கசும் எல்லாவற்றையும் சரியாகக் கூறிவிடவில்லை. கோள்கள் வட்டப் பாதையிற் செல்வன என அவர் நம்பினார். அவை நீள்வட்டத்திற் செல்வதைக் கெப்ளர் 1609 இல் காட்டினார். பூமி ஓடுமானால் விண்மீன்கள் இடம்பெயர்வன போலத் தோன்றவேண்டுமே என்ற கேள்விக்கு, அவை அளவற்ற தொலைவிலுள்ளன எனக் கொப்பேர்னிக்கஸ் விடையிறுத்தார். அவ்விடப் பெயர்ச்சியை 1838 இல் பெசல் என்னும் வானசாத்திரி அளந்து காட்டினார். அவர் அளந்த இடம் பிரொம்போர்க்குக்கு அண்மையிலுள்ள கோனிக்ஸ்பேர்க் நகரமென்பது வியப்புக்குரியது.

பேராலயத் தளத்தின் கீழே பெயரெழுதாத குழியிலே அவர் உடல் நெடுங்காலம் கிடந்தது. 2005 இல் ஆராய்ச்சியாளர் எலும்புகளைத் தோண்டியெடுத்தனர். அவர் பயன்படுத்திய, சுவீடன் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்ட புத்தகமொன்றில் அகப்பட்டிருந்த மயிர்களோடு ஒப்பிட்டு, 2008 இல் அவை அவருடையனவே எனக் கண்டனர். 2010 மே மாதம் 22 ஆந் திகதி அதே பேராலயத்தில், திருச்சபையின் முழு மரியாதையுடன் அவர் மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டார். கல்லறையின் கருங்கல்லிலே பொன்னிற ஞாயிறும் அதனைச் சுற்றும் ஆறு கோள்களும் பொறிக்கப்பட்டுள்ளன.

இரேத்திக்கசின் கதையையும் முடித்துவிடுகிறேன். அவரும் கோணங்களைக் கணிக்கும் பெரிய வாய்பாடுகளைப் பல்லாண்டு காலம் எழுதி முடிக்காது வைத்திருந்தார். 1574 இல் விற்றன்பேர்க்கிலிருந்து ஒத்தோ என்னும் இளைஞர் அவரைத் தேடிச் சென்றார். தாம் கொப்பேர்னிக்கசிடம் சென்ற வயதிலேயே இவ்விளைஞரும் தம்மிடம் வந்திருப்பதை நினைந்து முதியவர் மனம் நெகிழ்ந்தார். அவ்வாண்டு இறுதியில் இரேத்திக்கஸ் இறந்தார். ஒத்தோ அவ்வேலையை முடித்து 1596 இல் ஆசிரியரின் பெயரோடு வெளியிட்டார்.

அன்பர்களே, சமயம் உண்மையின் பகையா என்ற கேள்விக்கு இவ்வரலாறு ஒரே சொல்லில் விடை தரவில்லை. நூலை வேண்டியவர் கர்தினால். அச்சேற்றியவர் மாற்றுச் சமயத்து இளைஞர். திரித்தவர் அவ்விளைஞரின் சமயத்துப் போதகர். தடுத்தவர் பின்வந்த கர்தினால்மார். உண்மையை மறைப்பது மனிதரின் அச்சமே. அது தேவாலயத்திலும் இருக்கும், சர்வகலாசாலையிலும் இருக்கும், நம் சங்கத்திலும் இருக்கும். பெரியோர் தாம் எழுதி வைத்தவற்றை இளைஞருக்குத் திறந்து காட்டுக. இளைஞர், அவர் எச்சமயத்தவராயினும் எவ்வூரவராயினும், கற்றறிந்தோரின் வாயிலைத் தேடிச் செல்க. நூல் வெளிவருங் காலத்திலே துணைசெய்தவரின் பெயரை எவரும் எழுத மறவாதிருப்போமாக.